நஷ்டம் யார் கணக்கில்? அரேவா என்ற அணுசக்தி நிறுவனம் பிரிக்கப்பட்ட விதம்

அரசுக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம் ஒன்றை மறுசீரமைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. அரசுத் துறையாக இருந்த ஒன்றைக் கம்பெனியாகப் பதிவு செய்வது முதல் வகை. 1987 செப்டம்பரில் இந்தியாவின் அணுமின் வாரியம் இந்திய அணுமின் கழகமாக (என்.பி.சி.ஐ.எல்) மாறியது அப்படித்தான். உக்ரைனின் எனர்ஹோஆட்டம் 2024 தொடக்கத்தில் பங்கு நிறுவனமானதும் இதே வகை. இதில் சட்டம் மாறும், கணக்கு எழுதும் முறை மாறும், கடன் வாங்கும் உரிமை வரும். உலையும் ஊழியர்களும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

ஏற்கெனவே கம்பெனியாக இருப்பது கடனில் மூழ்கி, அதைத் துண்டு போட்டுக் காப்பாற்றுவது இரண்டாவது வகை. கடினமானதும் கற்றுக்கொள்ள நிறைய இருப்பதும் இதில்தான். பிரான்ஸின் அரேவா 2015 முதல் 2018 வரை பிரிக்கப்பட்டதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அங்கே அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். நஷ்டம் ஏற்கெனவே நடந்துவிட்டது, அது யாருடைய கணக்கில் போய் உட்காரும்?

என்னவெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தது

அரேவா 2001 செப்டம்பரில் உருவானது. யுரேனியம் தோண்டுவது முதல் எரிந்த எரிபொருளை மறுபதப்படுத்துவது வரை பார்த்துவந்த கொழேமா, அணு உலைகளைக் கட்டிய ஃப்ரமாடோம், பிரெஞ்சு அணுசக்தி ஆணையத்தின் தொழில் பிரிவு ஆகிய மூன்றையும் ஒன்றாக்கினார்கள். பங்குகளில் 86 சதவீதத்துக்கும் மேல் அரசிடமும் அரசு அமைப்புகளிடமும் இருந்தது. மீதியில் குவைத் அரசின் முதலீட்டு அமைப்பு போன்றவர்கள் இருந்தார்கள், பங்குச் சந்தையில் வாங்கிய சிறு முதலீட்டாளர்களும் இருந்தார்கள்.

சுரங்கம், செறிவூட்டல் (யுரேனியத்தை உலைக்கு ஏற்ற தரத்துக்கு உயர்த்துவது), எரிபொருள், உலை, பராமரிப்பு, மறுபதப்படுத்தல் என எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும் என்பதுதான் வியாபாரத் திட்டம். வாங்கும் நாட்டுக்கு இது வசதி. ஆனால் இந்தத் தொழில்களின் இயல்பு ஒன்றல்ல. செறிவூட்டலும் மறுபதப்படுத்தலும் நீண்டகால ஒப்பந்தத்தில் ஓடுபவை, வருமானத்தை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். புதிய உலை கட்டுவது அப்படி இல்லை. ஒரே ஒப்பந்தம் பத்து வருட லாபத்தை விழுங்கிவிடக்கூடும். இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருந்தால், பிரான்ஸின் லா ஹாக் மறுபதப்படுத்தும் ஆலையில் வரும் லாபம், பின்லாந்தில் உலை கட்டுவதில் வரும் நஷ்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் நடந்தது அதுதான்.

எங்கே ஓட்டை விழுந்தது

2003 டிசம்பரில் பின்லாந்தின் டி.வி.ஓ என்ற மின் நிறுவனத்துடன் அரேவாவும் சீமென்ஸும் ஒப்பந்தம் போட்டன. ஒல்கிலுவோட்டோ தீவில் மூன்றாவது உலை, 1,600 மெகாவாட், இ.பி.ஆர் என்ற புதிய உலை வடிவம். விலை சுமார் 300 கோடி யூரோ, 2009இல் மின்சாரம் வர வேண்டும். முழுவதையும் கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுக்கும் ஒப்பந்தம், விலையும் நிலையானது. செலவு கூடினால் கட்டுபவர் தலையில் விழும்.

உலகில் எங்கும் கட்டப்படாத ஒரு வடிவத்துக்கு இப்படி விலை சொன்னது துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். விரிவான வரைபடங்கள் முடிவதற்கு முன்பே 2005இல் வேலை தொடங்கியது. அடித்தளக் கான்கிரீட்டின் தரத்தில் கேள்வி எழுந்தது. எஃகு உறையின் வெல்டிங்கில் குறை கண்டார்கள். முதன்மைக் குளிர்விப்புக் குழாய்களில் உலோகத்தின் துகளமைப்பு சரியில்லை என்று சிலவற்றை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. டிஜிட்டல் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பின்லாந்தின் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒப்புதல் வாங்குவதில் ஆண்டுகள் ஓடின. அடியில் இருந்த காரணம் எளிது. பிரான்ஸில் 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு அதுவரை புதிய உலை வேலை எதுவும் தொடங்கியிருக்கவில்லை. அனுபவசாலிகள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அணு உலைத் தரத்தில் வார்க்கவும் வெல்டிங் செய்யவும் தெரிந்த துணை ஒப்பந்ததாரர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2012 டிசம்பரில் அரேவாவே சொன்ன மொத்தச் செலவு 850 கோடி யூரோ.

இடையில் 2007இல் யுராமின் என்ற சுரங்க நிறுவனத்தை 250 கோடி டாலர் அளவுக்கு வாங்கினார்கள். யுரேனியம் விலை உச்சத்தில் இருந்த வருடம் அது. நமீபியாவிலும் பிற ஆப்பிரிக்க நாடுகளிலும் இருந்த படிவுகள் எதிர்பார்த்த அளவுக்கு லாபம் தருபவை அல்ல என்று பிறகு தெரிந்தது. 2011 கணக்கில் மட்டும் இதன் மதிப்பில் 150 கோடி யூரோவுக்கு நெருக்கமாகக் குறைத்து எழுதினார்கள். அதே வருடம் ஃபுக்குஷிமா விபத்து வந்து, புதிய உலைகளுக்கான சந்தையும் சுருங்கியது.

2014 கணக்கில் 480 கோடி யூரோ நஷ்டம். அந்த வருடத்து விற்பனையே சுமார் 830 கோடிதான். நிகரக் கடன் 580 கோடி அளவில் இருந்தது. 2011 முதல் 2015 வரையிலான ஐந்து வருட நஷ்டத்தைக் கூட்டினால் கிட்டத்தட்ட 1,000 கோடி யூரோ. பங்குதாரர்கள் போட்ட மூலதனம் கரைந்து எதிர்மறைக்குப் போய்விட்டது. எல்லாச் சொத்தையும் விற்றாலும் கடனும் பொறுப்பும் மிஞ்சும் நிலை.

இந்தக் கட்டத்தில் தனியார் நிறுவனம் என்றால் திவால் நீதிமன்றத்துக்குப் போகும். 2017 மார்ச்சில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் அதைத்தான் செய்தது. அணு எரிபொருளும் மறுபதப்படுத்தலும் கைவசம் இருக்கும் அரசு நிறுவனத்தை எந்த அரசும் அந்த வழியில் விடாது. மின் உற்பத்தியில் பெரும்பங்கு அணு உலைகளிலிருந்து வரும் பிரான்ஸ் நிச்சயமாக விடாது.

மூன்று துண்டுகள்

கூட்டுக் குடும்பத்துப் பாகப்பிரிவினையில் நிலத்தையும் வீட்டையும் பிரிப்பது பெரிய காரியமில்லை, அப்பா வாங்கிய கடனை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு நிற்கும். அரேவாவிலும் சொத்துப் பட்டியல் விரைவில் ஒழுங்காகிவிட்டது. நேரமெல்லாம் பொறுப்புப் பட்டியலுக்குப் போனது.

முதல் துண்டு எரிபொருள் சுழற்சி. நைஜர், கனடா, கஜகஸ்தான் சுரங்கப் பங்குகள், த்ரிகாஸ்தேன் செறிவூட்டல் ஆலை, லா ஹாக் மறுபதப்படுத்தும் ஆலை, புளூட்டோனியம் கலந்த எரிபொருள் செய்யும் மெலோக்ஸ் ஆலை ஆகியவை ஒரு புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. 2016 நவம்பரில் பங்குதாரர்கள் கூட்டம் இதற்கு ஒப்புதல் தந்தது. முதலில் நியூ அரேவா என்று பெயர், 2018 ஜனவரியில் ஒரானோ ஆனது. சொத்துகளோடு சேர்த்துக் கடன்பத்திரங்களையும் இங்கேதான் மாற்றினார்கள். கடன்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு நிலையான வருமானம் உள்ள நிறுவனம்தான் வேண்டும். சொத்துகள் போய்விட்ட பழைய நிறுவனத்தின் வெறும் கூட்டை அவர்கள் கையில் கொடுத்திருந்தால் வழக்கு நிச்சயம்.

ஆலைகளோடு சேர்ந்தே போக வேண்டிய இன்னொரு பொறுப்பு உண்டு. அணு ஆலைகளை ஒருநாள் கலைத்தாக வேண்டும், கழிவைப் பராமரிக்க வேண்டும். பிரான்ஸில் 2006 ஜூன் மாதச் சட்டப்படி, அந்தச் செலவுக்கான பணத்தை உரிமம் வைத்திருப்பவர் தனி முதலீடாக ஒதுக்கி வைக்க வேண்டும். நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்கள் அதில் கை வைக்க முடியாது. ஆகவே உரிமம் எங்கே போகிறதோ, கலைப்புப் பொறுப்பும் அதற்கான நிதியும் அங்கேயே போயின. மறுசீரமைப்புத் திட்டம் எதைப் படித்தாலும் இந்த மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உரிமம் ஒரு பக்கமும் நிதி ஒரு பக்கமும் பிரிந்தால், நாற்பது வருடம் கழித்து யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது துண்டு உலை வியாபாரம்: வடிவமைப்பு, பெரிய பாகங்களின் தயாரிப்பு, ஓடும் உலைகளுக்கான பராமரிப்பு. யுரேனிய எரிபொருள் கட்டுகளைச் செய்யும் வேலையும் இதோடுதான் சேர்ந்தது. பெயரைப் பார்த்தால் அது எரிபொருள் பக்கம் போயிருக்க வேண்டும். ஆனால் எரிபொருள் கட்டின் வடிவமும் உலை மையத்தின் கணக்கும் ஒன்றோடொன்று பின்னியவை, அவற்றைப் பிரித்தால் இரண்டு பக்கமும் நொண்டும். இந்தத் துண்டு 2018 ஜனவரியில் ஃப்ரமாடோம் என்ற பழைய பெயரையே எடுத்துக்கொண்டது.

மூன்றாவது, மிஞ்சிய கூடு. அரேவா எஸ்.ஏ என்ற பழைய தாய் நிறுவனமும், பழைய உலைக் கம்பெனியின் சட்ட உருவமும் அப்படியே இருந்தன. அவற்றின் கணக்கில் ஒல்கிலுவோட்டோ ஒப்பந்தமும், சிக்கலில் இருந்த வேறு சில ஒப்பந்தங்களும் நின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம், எது நகர்ந்தது எது நகரவில்லை என்பது. பழைய உலைக் கம்பெனியை அப்படியே விற்கவில்லை. புதிதாக ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கி, பழையதிலிருந்து நல்ல வியாபாரத்தை மட்டும் அதற்குள் இறக்கினார்கள், பிறகு புதியதை விற்றார்கள். கெட்ட ஒப்பந்தம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒப்பந்தத்தை நகர்த்த வேண்டுமென்றால் எதிர்த் தரப்பின் சம்மதம் வேண்டும், நகர்த்தாமல் விட்டால் வேண்டியதில்லை. சுற்றியிருப்பதை நகர்த்திவிட்டால் போதும்.

பணம் எங்கிருந்து வந்தது

அரசு போட்ட மூலதனம் 450 கோடி யூரோ. அதில் 200 கோடி மிஞ்சிய கூட்டுக்கு, 250 கோடி நியூ அரேவாவுக்கு. ஜப்பானின் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸும் ஜப்பான் நியூக்ளியர் ஃப்யூயலும் ஆளுக்கு 25 கோடி போட்டு, ஒரானோவில் 5 சதவீதம் வீதம் எடுத்துக்கொண்டன. இவை வரும்வரை தாக்குப்பிடிக்க 330 கோடி யூரோ இடைக்காலக் கடனுக்கும் அனுமதி கிடைத்தது.

கடனாகவே முழுவதையும் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். மூலதனம் எதிர்மறையில் இருக்கும் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தால் கடன் பட்டியல் நீளுமே தவிர நிலை சரியாகாது. வங்கிகளும் தர மதிப்பீட்டு நிறுவனங்களும் பார்ப்பது கடனுக்கும் மூலதனத்துக்கும் உள்ள விகிதத்தை. அதைத் திருத்த, திருப்பிக் கேட்காத பணம் வேண்டும். பங்காகப் போட்டால்தான் அது நடக்கும்.

உலை வியாபாரத்தை விற்றதிலிருந்தும் பணம் வந்தது. முழு மதிப்பு 247 கோடி யூரோ என்று நிர்ணயித்தார்கள். 2017 டிசம்பர் 31 அன்று பிரெஞ்சு அரசு மின் நிறுவனமான இ.டி.எஃப் 75.5 சதவீதம், மிட்சுபிஷி 19.5 சதவீதம், அசிஸ்டெம் என்ற பொறியியல் நிறுவனம் 5 சதவீதம் வாங்கின. கடற்படை உலைகளைச் செய்யும் பிரிவு அரசிடமும் அரசுசார் நிறுவனங்களிடமும் போனது. கதிர்வீச்சு அளவிடும் கருவிகள் செய்த கன்பெரா வெளியாருக்கு விற்கப்பட்டது. ஆட்குறைப்பும் இருந்தது, உலகம் முழுவதும் சுமார் 6,000 வேலைகள்.

சிறு பங்குதாரர்களின் பாடு அவ்வளவு நன்றாக இல்லை. 2017இல் அரசு பங்கு ஒன்றுக்கு 4.50 யூரோ கொடுத்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டது. அத்தோடு அரேவா பங்குச் சந்தையிலிருந்தும் நீங்கியது.

பிரஸ்ஸல்ஸ் வைத்த பூட்டுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் அரசு தன் சொந்த நிறுவனத்துக்கே நினைத்தபடி பணம் கொடுத்துவிட முடியாது. போட்டி நிறுவனங்களுக்கு அநியாயம் என்று பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம் தடுக்கலாம். நொடித்துப்போன நிறுவனத்துக்கான அரசு உதவிக்கு விதி உண்டு. உதவிக்குப் பிறகு நிறுவனம் தன் காலில் நிற்கும் என்று காட்ட வேண்டும். செலவில் கணிசமான பகுதியைச் சொத்து விற்றோ வேறு வழியிலோ தானே திரட்ட வேண்டும். சந்தையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பத்து வருடத்துக்குள் மறுபடி கையேந்தவும் முடியாது.

2017 ஜனவரி 10 அன்று ஆணையம் 450 கோடிக்கு ஒப்புதல் தந்தது. மறுசீரமைப்பு முடியும் 2019 இறுதிவரை வேறு நிறுவனங்களை வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. பணம் போடுவதற்கு முன் நிறைவேற வேண்டிய நிபந்தனைகளில் ஒன்று முற்றிலும் உலோகவியல் சார்ந்தது.

அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பிரான்ஸின் ஃபிளமான்வில்லில் கட்டிக்கொண்டிருந்த இ.பி.ஆர் உலையின் அழுத்தக் கலனுக்கு (எரிபொருளை உள்ளே வைக்கும் கனமான எஃகுப் பாத்திரம்) மேல்மூடியும் அடித்தட்டும் அரேவாவின் லு க்ரெஸோ வார்ப்பாலையில் உருவானவை. பெரிய எஃகு வார்ப்பு ஆறும்போது கார்பன் ஒரு பக்கம் திரளும். திரண்ட பகுதியை வெட்டி நீக்கிவிட்டு மீதியைத்தான் அடித்து வடிவமைக்க வேண்டும். இங்கே அது முழுதாக நீங்கவில்லை. 0.22 சதவீதம் என்ற வரம்பு இருந்த இடத்தில் 0.30 சதவீதம் வரை கார்பன் இருந்தது. கார்பன் கூடினால் எஃகு கடினமாகும், ஆனால் விரிசலைத் தாங்கும் திறன் குறையும். 2015 ஏப்ரலில் இது வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து அந்த ஆலையின் பழைய தரச் சான்றுக் கோப்புகளைத் தோண்டியபோது, முரண்பட்ட பதிவுகளும் அகப்பட்டன.

கலன் உலைக்குள் பொருத்தப்பட்டுவிட்டது. பிரான்ஸின் அணுப் பாதுகாப்பு ஆணையம் "கூடாது" என்றால், அரேவா கொடுக்க வேண்டிய இழப்பீட்டில் 450 கோடியும் காணாமல் போகும், மறுசீரமைப்புத் திட்டமே செல்லாது. அதனால் அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்து வரும்வரை பணம் காத்திருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி முடிவு: கூடுதல் சோதனைகளோடு கலனைப் பயன்படுத்தலாம், மேல்மூடியைப் பின்னர் மாற்ற வேண்டும். இ.டி.எஃப் அப்போதும் எச்சரிக்கையாகத்தான் இருந்தது. பழைய வார்ப்புகளிலிருந்து வரும் குறிப்பிட்ட பொறுப்புகள் விற்பவரிடமே இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டது.

எதிர்த் தரப்பு சும்மா இருக்குமா

டி.வி.ஓ இடத்திலிருந்து பார்த்தால் இந்த ஏற்பாடு எப்படித் தெரியும்? உலையைக் கட்டித் தருவதாகச் சொன்ன கம்பெனியின் பெயர் அப்படியே இருக்கிறது. ஆனால் பொறியாளர்கள், வரைபட அறிவு, கட்டி முடித்த பிறகு தேவைப்படும் எரிபொருளும் உதிரி பாகங்களும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டன. கூட்டில் பணம் தீர்ந்தால் யாரைக் கேட்பது? டி.வி.ஓ ஐரோப்பிய ஆணையத்தின் ஒப்புதலை எதிர்த்து ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்துக்கே போனது. ஏற்கெனவே இரண்டு பக்கமும் பல நூறு கோடி யூரோ கேட்டு நடுவர் மன்றத்தில் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

2018 மார்ச்சில் சமரசம் ஆனது. அரேவா தரப்பு 45 கோடி யூரோ கொடுக்கும், உலையை முடிக்கத் தேவையான பணத்தைத் தனி அறக்கட்டளை நிதியில் போட்டுவைக்கும், வழக்குகள் திரும்பப் பெறப்படும். இந்தத் தனி நிதி இல்லாமல் சமரசம் நடந்திருக்காது. கூட்டில் விட்ட பொறுப்புக்குக் கூட்டிலேயே பூட்டிவைத்த பணம் வேண்டும் என்பதை டி.வி.ஓ விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது. உலை 2022 மார்ச்சில் மின்வலையில் இணைந்தது, 2023 ஏப்ரலில் முறையான உற்பத்தி தொடங்கியது. திட்டமிட்டதைவிடப் பதினான்கு வருடம் தாமதம்.

இது ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டதுதானே என்ற விமர்சனம் அன்றைக்கே எழுந்தது. ஃப்ரமாடோமை வாங்கிய இ.டி.எஃப்பும் அரசுடையது. அதுவும் 2017 மார்ச்சில் 400 கோடி யூரோ புதிய மூலதனம் திரட்ட வேண்டியிருந்தது, அதில் 300 கோடி அரசே போட்டது. 2023 ஜூனில் இ.டி.எஃப் முழுவதுமாக அரசின் கைக்குத் திரும்பியது. விமர்சனத்தில் பாதி உண்மை இருக்கிறது: கடைசியில் செலவு வரி கட்டுபவருடையதுதான். ஆனால் உலை வடிவமைப்பவரும் உலையை ஓட்டுபவரும் ஒரே வீட்டுக்குள் வந்ததும், சுரங்கமும் லா ஹாக்கும் உலைக் கட்டுமான அபாயத்திலிருந்து விடுபட்டதும் வெறும் கணக்கு மாற்றமல்ல. ஒரானோவின் கடன் மதிப்பீடு அதன்பிறகு பின்லாந்துக் கட்டுமானத்தில் நடப்பதைப் பொறுத்ததாக இல்லை.

வாங்குபவர் பக்கம்

மகாராஷ்டிரத்தின் ஜெய்தாப்பூரில் ஆறு இ.பி.ஆர் உலைகளை வைக்க என்.பி.சி.ஐ.எல் 2009இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது அரேவாவுடன். மொத்தம் 9,900 மெகாவாட். மறுசீரமைப்பு தொடங்கியதும் விற்பவரே மாறிப்போனார், 2016 ஜனவரியில் இ.டி.எஃப் அந்த இடத்துக்கு வந்தது. பேச்சுவார்த்தையின் ஒரு பகுதியைப் புதிய தரப்புடன் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட தாமதம் எந்த மறுசீரமைப்பின் செலவுக் கணக்கிலும் வராது.

மாறியது பெயர் மட்டுமல்ல. 2021 ஏப்ரலில் இ.டி.எஃப் கொடுத்த தொழில்நுட்ப வணிக முன்மொழிவில், தான் வடிவமைப்புப் பொறியியலையும் கருவிகளையும் தருவதாக இருந்தது. முதலீடு செய்வதும் கட்டுமானத்துக்குப் பொறுப்பேற்பதும் தன் வேலையல்ல என்று இ.டி.எஃப் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நிலையான விலைக்குக் கட்டி முடித்துச் சாவி கொடுக்கும் ஒப்பந்தத்தை அவர்கள் மேஜையில் வைக்கவே இல்லை.